ஐஎல்-6 ரிப்போர்ட்டை வைத்து எண்டோமெட்ரியோசிஸைக் கண்டுபிடிக்க முடியுமா?

"இன்டர்லியூகின்-6: 3.1 பிகோகிராம்/மி.லி. நார்மல்: 7-க்குக் கீழ்."

ஐஎல்-6 (இன்டர்லியூகின்-6) என்பது நோய் எதிர்ப்பு அணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லச் சுரக்கும் சைட்டோகைன் என்ற புரதங்களில் ஒன்று. எண்டோமெட்ரியோசிஸ் என்பது கருப்பை உட்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே ஒட்டி வளரும் நோய். மாதவிடாய் வலியோடு வருடக்கணக்கில் அல்லாடும் ஒரு பெண்ணின் கையில் இப்படி ஒரு தாள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நார்மல் என்று போட்டிருப்பதால் நோய் இல்லை என்று வீட்டில் முடிவு கட்டிவிடலாம். அல்லது 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வை இணையத்தில் படித்துவிட்டு, நோய் உறுதி என்று பயப்படலாம். அந்த ஆய்வில் இரத்தத்தில் 2 பிகோகிராமுக்கு மேல் ஐஎல்-6 இருந்தால் எண்டோமெட்ரியோசிஸாக இருக்கக்கூடும் என்று எல்லை வகுத்திருந்தார்கள். ஒரே எண் ஓர் அளவுகோலில் நார்மல், இன்னொன்றில் நோய். எதை நம்புவது? இந்த நோயைப் பொறுத்தவரை இரண்டையுமே நம்ப வேண்டாம்.

கொரோனா காலத்தில் டி-டைமர், ஃபெரிட்டினோடு சேர்த்து ஐஎல்-6 என்ற பெயரும் சென்னையில் வீட்டுக்கு வீடு புழங்கியது. அங்கே அதற்கு வேலை இருந்தது. நுரையீரல் பற்றி எரியும்போது இந்த எண் நூற்றுக்கணக்கில் எகிறும். ஐஎல்-6-ஐ அடக்கும் ஊசி போடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க உதவும். எண்டோமெட்ரியோசிஸில் அப்படி எகிறாது. கூடினாலும் ஒன்றிரண்டு பிகோகிராம்தான். ஒரு பிகோகிராம் என்றால் ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அந்த அளவில் நோயைவிட டியூபும் பயணமும்தான் எண்ணை அதிகம் ஆட்டும்.

தாம்பரத்தில் காலை ஆறரைக்கு வீட்டுக்கு வந்து இரத்தம் எடுக்கிறார்கள். இன்னும் நாலு வீடு முடித்துவிட்டு, ஜிஎஸ்டி ரோடு நெரிசலில் ஊர்ந்து, சாம்பிள் லேபுக்குப் போய்ச் சேரும்போது மணி பத்தரை. டியூபுக்குள் வெள்ளை அணுக்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன. வெப்பத்தில் கிடக்கக் கிடக்க அவை தங்களிடம் உள்ள சைட்டோகைன்களைக் கசியவிடும், புதிதாகவும் சுரக்கும். ஐஎல்-8 என்ற சைட்டோகைன் இதில் மிகவும் மோசம். சிவப்பணு உடைந்தால் கணக்கு இன்னும் கெடும். ஆராய்ச்சிக்கு எடுக்கும் சாம்பிளை ஓரிரு மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிரித்து, சிறு குப்பிகளாக்கி, மைனஸ் 80 டிகிரியில் வைப்பார்கள். ஒருமுறை உருக்கியதை மறுபடி உறைய வைத்து அளக்க மாட்டார்கள். இது போக இரத்தம் எடுப்பதற்குச் சற்று முன் கடுமையாக உடற்பயிற்சி செய்திருந்தால் ஐஎல்-6 கூடும், சளி பிடித்திருந்தால் கூடும், உடல் பருமன் இருந்தால் கொழுப்புத் திசுவே அதைச் சுரக்கும். மாதவிடாய்ச் சுழற்சியின் எந்த நாளில் எடுத்தது என்பதும் கணக்கு. இவ்வளவையும் தாண்டி அந்த 3.1 எதைச் சொல்கிறது என்று கேட்டால், பதில் இல்லை. 2016-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு இரத்தக் குறிகாட்டிகளை எல்லாம் அலசிப் பார்த்துவிட்டு, எதுவும் நோயறியத் தேறவில்லை என்றது. 2022-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டியும் நோயை உறுதிசெய்ய இரத்தக் குறிகாட்டிகளைப் பார்க்க வேண்டாம் என்கிறது. சினைப்பைக் கட்டிகளுக்குப் பார்க்கும் சிஏ-125 என்ற இரத்தச் சோதனைக்கும் அதே கதிதான். அது 35-ஐத் தாண்டினாலும் எண்டோமெட்ரியோசிஸ் என்று அர்த்தமில்லை, தாண்டாவிட்டால் இல்லை என்றும் அர்த்தமில்லை.

ஆனால் சைட்டோகைன்களுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. நோயே அவற்றால்தான் ஓடுகிறது. சண்டை நடக்கும் இடம் கை நரம்பில் இல்லை, அவ்வளவுதான்.

அது நடக்கும் இடம் அடிவயிறு. கருப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. நிற்கும்போது வயிற்றறையின் மிகத் தாழ்ந்த இடம் அது. வயிற்றுறைத் திரவம் சில மில்லிலிட்டர் அங்கே தேங்கி நிற்கும். மாதவிடாய் இரத்தம் முழுக்க வெளியே வருவதில்லை, கொஞ்சம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கிப் போய் இந்தப் பள்ளத்தில் விழுகிறது. இதை அடிப்படையாக வைத்து 1927-இல் சாம்ப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு விளக்கம் சொன்னார்: அப்படிப் போகும் கருப்பை உட்சவ்வுத் துணுக்குகள் போன இடத்தில் ஒட்டி வளர்கின்றன என்று. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்னால் தெரிந்த விஷயம் வேறு. பின்னோக்கிய ஒழுக்கு பத்தில் ஒன்பது பெண்களுக்கு இருக்கிறது, நோய் வருவதோ பத்தில் ஒருவருக்குத்தான். மீதிப் பேருக்கு ஏன் வரவில்லை?

அவர்களுக்குத் துப்புரவுப் பணி ஒழுங்காக நடக்கிறது. அந்தத் திரவத்தில் மேக்ரோபேஜ் என்ற பெருவிழுங்கிகள் இருக்கின்றன. இடம் மாறி வந்த செல்லைக் கொல்லும் என்கே செல்களும் இருக்கின்றன. வந்து விழுந்த துணுக்கைக் கொன்று, விழுங்கி, இடத்தைக் கழுவிவிட்டு ஓய்ந்துவிடும். நோயுள்ள பெண்களிடம் என்கே செல்களின் கொல்லும் திறன் குறைவு என்பது 1990-களின் தொடக்கத்திலிருந்தே பதிவாகி வருகிறது. எண்ணிக்கை குறைந்ததால் அல்ல, அவற்றின் கையைக் கட்டிப்போடும் சமிக்ஞைகள் அந்தத் திரவத்தில் மிதப்பதால். ஐஎல்-10, டிஜிஎஃப்-பீட்டா இரண்டும் அடக்கும் வகை. ஐஎல்-6 இங்கே அடக்குபவர் பக்கம் சேர்ந்துகொள்கிறது. துணுக்கும் சும்மா இருப்பதில்லை. என்கே செல் பிடித்துக்கொள்ள வேண்டிய ஐகேம்-1 என்ற கைப்பிடியைத் தன் மேலிருந்து உதிர்த்துத் திரவத்தில் மிதக்கவிடுகிறது. காவல்காரர் கழன்ற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், திருடன் வீட்டுக்குள்.

பெருவிழுங்கிகளின் கதை இன்னும் விநோதம். அவை குறைவதில்லை, கூடுகின்றன. எம்சிபி-1 என்ற கீமோகைன் ஆள் அனுப்பச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, இரத்தத்திலிருந்து மோனோசைட்டுகள் வந்து இறங்கிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் வந்தவை விழுங்கும் வேலையை விட்டுவிட்டு வளர்க்கும் வேலையில் இறங்கிவிடுகின்றன. காயம் பட்ட இடத்தில் புதுத் திசு கட்டுவதற்கு உடம்பு வைத்திருக்கும் குணம் அது. இந்தத் துணுக்கைப் பார்த்ததும் 'காயம்' என்று தப்பாகப் புரிந்துகொண்டு விஇஜிஎஃப் சுரந்து இரத்தக் குழாய் இழுத்துக் கொடுக்கின்றன. ஐஎல்-8 அதற்குக் கூட்டு. போதாக்குறைக்கு மாதாமாதம் அங்கே கசியும் இரத்தத்தின் இரும்பு பெருவிழுங்கிகளுக்குள் சேர்ந்து, ஆக்ஸிஜனேற்றச் சிதைவுகளை உண்டாக்கி அழற்சியைத் தூண்டிவிடுகிறது. இந்த நோயில் சினைப்பையில் உண்டாகும் சாக்லேட் சிஸ்ட் என்ற கட்டிக்குள் இருக்கும் அந்தக் கறுப்புப் பழுப்புக் குழம்பு இந்தப் பழைய இரத்தம்தான்.

'உங்களுக்கு இம்யூனிட்டி வீக், அதான் இது' என்ற பேச்சு எங்கே தடுக்கி விழுகிறது என்று இப்போது தெரியும். பலவீனம் என்ற சொல்லே இங்கே பொருந்தாது. ஒரு பக்கம் அடங்கி, இன்னொரு பக்கம் கொதிக்கும் அமைப்பு இது. பொத்தாம்பொதுவாக 'பூஸ்ட்' பண்ணும் பொடியோ கஷாயமோ எந்தப் பக்கத்தைத் தூண்டும் என்று விற்பவருக்கே தெரியாது. மஞ்சள் குழம்பில் இருக்கட்டும். அதிக வீரியக் குர்குமின் மாத்திரைகளால் கல்லீரல் பாதித்த பதிவுகள் உண்டு, எனவே டாக்டரிடம் சொல்லாமல் மாதக்கணக்கில் விழுங்க வேண்டாம்.

இனி அந்தச் சுழல். இந்த நோயில் ஒன்றே ஒன்றைத்தான் புரிந்துகொள்ள முடியும் என்றால் இதைப் புரிந்துகொள்ளலாம்.

பெருவிழுங்கி ஐஎல்-1 பீட்டா, டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிச் சைட்டோகைன்களைச் சுரக்கிறது. அவை ஒட்டி வளர்ந்த திசுவில் காக்ஸ்-2 நொதியை எழுப்புகின்றன. காக்ஸ்-2 ப்ரோஸ்டாகிளாண்டின் ஈ2-வைத் தயாரிக்கிறது; வலிக்கு நேரடிக் காரணம் இது. வலியோடு நிற்காமல் இது அரோமடேஸ் என்ற நொதியையும் கிளப்பிவிடுகிறது. நலமான கருப்பை உட்சவ்வில் அரோமடேஸ் இருப்பதே இல்லை என்று சொல்லலாம், இந்தத் திசுவில் இருக்கிறது. அரோமடேஸ் வேலை செய்தால் அந்த இடத்திலேயே ஈஸ்ட்ரோஜன் உற்பத்தி. ஈஸ்ட்ரோஜன் போய் மறுபடி காக்ஸ்-2-வைத் தட்டுகிறது, எம்சிபி-1-ஐயும் கூட்டுகிறது. எம்சிபி-1 கூடினால் இன்னும் பெருவிழுங்கி. சுற்று முடிந்தது, திரும்ப ஆரம்பம். அதாவது சினைப்பை அனுப்பும் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எதிர்பார்க்காமல் இந்தத் திசு வீட்டிலேயே ஜெனரேட்டர் வைத்துக்கொள்கிறது.

இதை அணைக்க வேண்டிய ஆள் புரோஜெஸ்டரோன். வழக்கமாக அது ஈஸ்ட்ரடையால் என்ற வீரியமான ஈஸ்ட்ரோஜனை வீரியம் குறைந்த ஈஸ்ட்ரோனாக மாற்றவைக்கும், திசுவை அரித்து உள்ளே புகும் எம்எம்பி நொதிகளையும் மூடும். இந்தத் திசுவில் புரோஜெஸ்டரோன் ஏற்பிகள் குறைவு, குறிப்பாக பி வகை. சொன்னாலும் காதில் விழாது. சில பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை கேட்பதும் சிலருக்குக் கேட்காததும் ஓரளவு இதனால்தான்.

வலிக்கு வருவோம். 'ஸ்கேனில் ஒன்றும் இல்லையே, ஏன் இப்படித் துடிக்கிறாள்' என்ற கேள்விக்கு விடை நரம்பில் இருக்கிறது. இந்தத் திசுக்களுக்கு இரத்தக் குழாயைப் போலவே நரம்பிழைகளும் வளர்கின்றன. என்ஜிஎஃப் என்ற நரம்பு வளர்ச்சிக் காரணி இழுத்து வருகிறது. டிஎன்எஃப்-ஆல்ஃபாவும் ஐஎல்-1 பீட்டாவும் அந்த நரம்பு நுனிகளைக் கூர்தீட்டி வைக்கின்றன. மிளகாய் பட்டால் எரியும் அதே ஏற்பி சாதாரண வெப்பத்துக்கே எரிய ஆரம்பிக்கிறது. ஆண்டுக்கணக்கில் இப்படியே போனால் தண்டுவடமும் மூளையும் வலிக்குப் பழகி, திசுவை எடுத்த பிறகும் வலிக்கும். ஒன்று முதல் நான்கு வரை போடும் நிலைகள் திசு எவ்வளவு பரவியிருக்கிறது, எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதைச் சொல்லுமே தவிர வலியைச் சொல்லாது. முதல் நிலையில் மயங்கி விழுபவர்களும் உண்டு, நாலாம் நிலையில் குழந்தைப்பேறுக்குப் போய்த்தான் தெரிந்துகொண்டவர்களும் உண்டு. "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்பவர்களிடம் இந்தப் பத்தியைக் காட்டலாம்.

சுழலைப் புரிந்துகொண்டால் மாத்திரையைத் தப்பாகப் போடும் விதமும் தெரிந்துவிடும். மெஃபினாமிக் அமிலம், ஐபுப்ரோஃபென், நேப்ராக்ஸன் எல்லாம் காக்ஸ் நொதியைத்தான் அடைக்கின்றன. ஏற்கெனவே சுரந்த ப்ரோஸ்டாகிளாண்டினை அவற்றால் திரும்ப எடுக்க முடியாது. 'தாங்க முடியாமல் போனால் போட்டுக்கொள்ளலாம்' என்று பல்லைக் கடித்துக் காத்திருப்பது இதனால்தான் வீண். தேதி ஓரளவு ஒழுங்காக வருபவர்கள் முந்தின நாளோ, முதல் கறை தெரிந்ததுமோ தொடங்கி, இரண்டு மூன்று நாள் மணி தவறாமல் போட்டால்தான் பலன். இன்னொரு தப்பு அளவில். மருந்துக் கடையில் எல்லோரும் கேட்டு வாங்கும் மெஃப்டால் ஸ்பாஸில் மெஃபினாமிக் அமிலம் 250 மில்லிகிராம், கூடவே டைசைக்ளோமின் 10. டைசைக்ளோமின் தசைப்பிடிப்பைத் தளர்த்தும், ப்ரோஸ்டாகிளாண்டினைத் தொடாது. மாதவிடாய் வலிக்கு மெஃபினாமிக் அமிலத்தின் வழக்கமான முதல் வேளை அளவு 500. ஒரே ஒரு மாத்திரையை, அதுவும் வலி உச்சிக்குப் போன பிறகு போட்டுவிட்டு 'எனக்கு எந்த மாத்திரையும் கேட்காது' என்று முடிவுக்கு வருபவர்கள் நிறைய. அளவைக் கூட்டுவதை டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம். ரெண்டு இட்லியாவது உள்ளே போகட்டும்.

எச்சரிக்கைகள் சில. கத்திரி வெயிலில் தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு இந்த மாத்திரைகளைப் போடுவது சிறுநீரகத்துக்குச் சுமை. அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்பிரினால் தூண்டப்படும் ஆஸ்துமா இருந்தால் இவை ஆகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மாதவிடாயும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால், டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும். டெங்குவில் தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது மற்றவை இரத்தக்கசிவைக் கூட்டும். மெஃபினாமிக் அமிலத்தால் 'ட்ரெஸ்' என்ற கடும் ஒவ்வாமை வரலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023-இன் கடைசியில் எச்சரித்தது. அரிது. ஆனால் மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் காய்ச்சல், உடலெங்கும் தடிப்பு, நெறிகட்டு என்று வந்தால் நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கருத்தரிக்க முயல்பவர்கள் முட்டை வெளிவரும் நாட்களில் இந்த மாத்திரைகளைத் தொடர்ந்து போட வேண்டாம். சினைமுட்டைப் பை உடைவதற்கே ப்ரோஸ்டாகிளாண்டின் தேவை.

வலி மாத்திரை சுழலின் ஒரு கண்ணியைத்தான் அறுக்கிறது. டைனோஜெஸ்ட் போன்ற புரோஜெஸ்டின்கள் (புரோஜெஸ்டரோனைப் போல வேலை செய்யும் மருந்துகள்) இன்னும் மேலே போய் அறுக்கின்றன. தினம் 2 மில்லிகிராம், ஒரே நேரத்தில், இடைவெளி விடாமல். சினைப்பையின் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. ஆய்வுக்கூடத்தில் செல்களில் போட்டுப் பார்த்தபோது ஐஎல்-6, ஐஎல்-8, ப்ரோஸ்டாகிளாண்டின் ஈ2 மூன்றும் இறங்கின. மாத்திரையை விடுவதற்கு முக்கியமான காரணம் முதல் மூன்று மாதத்து ஒழுங்கற்ற கறைபடிதல். சொல்லாமல் எழுதிக்கொடுத்தால் 'இந்த மாத்திரையால் தீட்டே நிற்கவில்லை' என்று பத்தாம் நாளே நிறுத்திவிடுவார்கள். பெரும்பாலும் போகப்போகக் குறையும். மனச்சோர்வு, தலைவலி, எடை ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். எலும்பு இன்னும் முற்றாத வயதினருக்கு நீண்ட நாள் கொடுப்பதை யோசித்துச் செய்வார்கள். கருத்தடை மாத்திரை என்று இதற்கு அனுமதி இல்லை, எனவே தேவைப்பட்டால் ஹார்மோன் இல்லாத பாதுகாப்பு வேண்டும்.

எந்த மாத்திரைக்கும் அசையாதது தழும்பு. டிஜிஎஃப்-பீட்டா நார்த்திசுவைக் கட்டிக்கொண்டே போய், சினைப்பையும் குடலும் கருப்பையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டபின் சைட்டோகைனை அடக்கி அதைப் பிரிக்க முடியாது. அது கத்தியின் வேலை. கத்தி மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. அறுவைக்குப் பின் ஹார்மோன் மருந்து எடுக்காதவர்களில் ஐந்து ஆண்டுக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்பி வருகிறது. செடியைப் பிடுங்கினாலும் மண் அதே மண், மாதாமாதம் விதையும் விழுகிறது. சாக்லேட் சிஸ்ட்டை உரித்து எடுக்கும்போது நல்ல சினைப்பைத் திசுவும் கொஞ்சம் போகும் என்பதால், குழந்தை வேண்டுபவர்கள் அறுவைக்கு முன்பே, சினைமுட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் சோதனையைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

ஐஎல்-6-க்குக் கொடுக்கும் பணத்தை நல்ல ஸ்கேனுக்குக் கொடுக்கலாம். தண்ணீர் குடித்து மேல் வயிற்றில் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் சாக்லேட் சிஸ்ட் தெரியும். குடலுக்கும் கருப்பைக்கும் நடுவே ஆழமாகப் புகுந்து முடிச்சாகத் திரண்டிருக்கும் திசு பெரும்பாலும் தெரியாது. பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் உள் ஸ்கேனில் கருவியை மெல்ல அழுத்தி, கருப்பையும் மலக்குடலும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகிறதா என்று பார்ப்பார்கள். வழுக்கவில்லை என்றால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கல்யாணமாகாத பெண்களுக்கு உள் ஸ்கேன் எடுக்கத் தயங்குகிறார்கள், பெண்ணும் வேண்டாம் என்று சொல்லலாம். அப்போது அடிவயிற்று எம்ஆர்ஐ இருக்கிறது. சீட்டில் வெறுமனே 'வயிற்று வலி' என்று எழுதி வாங்கிப் போகாமல், 'ஆழமான எண்டோமெட்ரியோசிஸ் உள்ளதா' என்று டாக்டரை எழுதச் சொல்லுங்கள். தேடினால்தான் அது கண்ணில் படும். வயிற்றுறைச் சவ்வில் பொட்டுப் பொட்டாக இருக்கும் மேலோட்டமான வகை எந்த ஸ்கேனிலும் பொதுவாகச் சிக்காது. ஸ்கேன் நார்மல் என்பதால் மருந்து தர மறுக்க வேண்டியதில்லை. அறிகுறிகளை வைத்தே சிகிச்சையைத் தொடங்கலாம் என்பதுதான் இன்றைய நடைமுறை.

இவ்வளவு தெரிந்தபின், அந்தச் சைட்டோகைனையே அடைத்துவிட்டால் என்ன என்று தோன்றும். தோன்றியவர்கள் செய்தும் பார்த்தார்கள். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் டிஎன்எஃப் எதிர்ப்பு மருந்து இன்ஃப்ளிக்ஸிமாபை, ஆழமான முடிச்சு உள்ள 21 பெண்களிடம் சோதித்த முடிவு 2008-இல் வந்தது. வலியில், ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த மருந்தில்லாத வெற்று ஊசியைவிட ஒன்றும் தேறவில்லை. ஒரு தூதரை நிறுத்தினால் இன்னொருவர் சேதி கொண்டுபோகிறார் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். முடிச்சில் இருப்பது பெரும்பாலும் நார்த்திசு என்பது இன்னொன்று. 2023-இல் ஜப்பானில் ஐஎல்-8-ஐ நீண்ட நாள் அடக்கும் ஓர் எதிர்ப்புரதத்தைக் குரங்குகளில் சோதித்தார்கள். முடிச்சும் சிறுத்தது, நார்த்திசுவும் குறைந்தது. நார் குறைந்ததுதான் இதில் கவனிக்க வேண்டிய சேதி. ஆனால் அது குரங்கு.

நம் ஊரில் டிஎன்எஃப்-ஐ அடக்குவதில் இன்னொரு சிக்கல் உண்டு: டிபி. நம்மில் பலரின் உடலுக்குள் காசநோய்க் கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றி மதில் கட்டிக் காவல் காப்பது இதே டிஎன்எஃப்தான். அடக்கினால் மதில் சரியும். அதனால்தான் முடக்குவாதத்துக்குக்கூட மார்பு எக்ஸ்ரேயும் மாண்டூ சோதனையும் பார்க்காமல் அந்த ஊசியைத் தொடங்குவதில்லை.  

எண்டோமெட்ரியோசிஸ் என்று சந்தேகிக்கும் எவருக்கும் டிபி இங்கே இன்னொரு விதத்தில் குறுக்கே வரும். வயிற்றுறை டிபியிலும் அடிவயிறு வலிக்கும், கருக்குழாய் அடைபடும், சிஏ-125 நூற்றுக்கணக்கில் ஏறும், லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழியாகக் கேமரா விட்டு வயிற்றுக்குள் பார்ப்பதில்) சவ்வில் புள்ளிகள் தெரியும். பார்த்த கண்ணை மட்டும் நம்பாமல் துணுக்கு எடுத்துத் திசுச் சோதனைக்கும் டிபி சோதனைக்கும் அனுப்பியிருக்கிறார்களா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாலை நேரக் காய்ச்சல், எடை குறைதல், வயிற்றில் நீர் என்றால் சந்தேகம் டிபி பக்கம் சாய வேண்டும்.

இரண்டு நோயும் சேர்ந்தே இருந்தால் ஒரு மருந்து மற்றதைக் கெடுக்கும். டிபிக்கான ரிஃபாம்பிசின், கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை முடுக்கிவிடும். டைனோஜெஸ்ட் அதில் வேகமாகக் கரைந்து போகும். வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், கார்பமசெப்பைன் ஆகியவையும் அப்படியே. நன்றாக அடங்கியிருந்த வலி காரணம் தெரியாமல் திரும்பி வந்தால், புதிதாகத் தொடங்கிய மாத்திரைகளின் அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போங்கள். ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகும் அந்த நொதிகள் பழைய நிலைக்கு வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகலாம்.